அலைபவன் கையில் வாள்

2025 நவம்பர் 8ஆம் தேதி ஜப்பானில் ஒரு நடிகர் காலமானார். பெயர் தட்சுயா நகடாய். வயது 92. சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், சூலியா ஸ்ட்ரீட்டில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு என் வீட்டுக்கு நடந்து வந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர், முழங்கால் வலிக்காரர். வாசலில் நின்றபடியே பாசார் மலாயில் சொன்னார்: “கண்ணுக்காரர் போய்விட்டார்.” யாரென்று நான் கேட்கவில்லை. எங்களுக்குள் அந்தப் பெயருக்கு வேறு ஆள் கிடையாது. உட்காரவைத்துத் தேநீர் கலந்து கொடுத்தேன். இருவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.

அவர் வீட்டிலும் என் வீட்டிலும் ஜப்பான்காரன் காலத்தில் ஆளுக்கோர் உயிர் போயிருக்கிறது. அப்படிப்பட்ட இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள், வாளேந்தி நடித்த ஒரு ஜப்பானியருக்காகப் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் துக்கம் காத்தோம். எனக்கு வயது 68. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், எங்கள் வாய்ப்பழக்கத்தில் கடைத்தெருவில், 1984 முதல் 25 ஆண்டு வீடியோ கடை வைத்திருந்தவன். இந்த ஊர்க்காரர்கள் வாள் படங்களை எப்படி நேசித்தார்கள், யாரை நேசித்தார்கள், ஏன் நேசித்தார்கள் என்பது என் தலைமுறையோடு மறைந்துவிடக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

இதை என் அப்பாவிடமிருந்துதான் தொடங்க முடியும். அவர் 1948லிருந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர். அன்றைய ஜார்ஜ் டவுன் தியேட்டர்களால் ஆன ஊர். பினாங்கு ரோட்டில் ஓடியன், கேத்தே. பர்மா ரோட்டில் ரெக்ஸ். பீ சூன் ரோட்டில் மெஜஸ்டிக். டத்தோ கெராமாட் ரோட்டில் ஃபெடரல். இன்னும் பல. பெரும்பாலான வியாபாரம் ஷா சகோதரர்கள், கேத்தே என்ற இரண்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. ஒரே வாரத்தில் ஒரே ஊரில் தமிழும் இந்தியும் கான்டனீஸும் ஹாக்கியனும் மலாயும் ஆங்கிலமும் ஓடும். மொழி தெரியாத படத்துக்கும் ஆட்கள் போவார்கள். வாள் சண்டைக்கு மொழி எதற்கு?

தமிழர்களுக்கு அந்த வாள் எம்.ஜி.ஆர் கையில் இருந்தது. மந்திரிகுமாரி 1950, மர்மயோகி 1951, அலிபாபாவும் 40 திருடர்களும், மதுரை வீரன் இரண்டும் 1956, நாடோடி மன்னன் 1958, ஆயிரத்தில் ஒருவன் 1965. இந்த வரிசையை அப்பா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தைப்பூசத்துக்குக் கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் தோட்டத்து ஜனங்கள் வருவார்கள். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி இந்தக் கரையில் இறங்கி, தண்ணீர்மலையில் காவடி முடிந்து, மொட்டையடித்த தலையில் சந்தனம் காயும் முன்னே தியேட்டர் வாசலுக்கு வந்து நிற்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கடல் தாண்டுகிறவர்களுக்கு முருகனையும் பார்க்க வேண்டும், எம்.ஜி.ஆரையும் பார்க்க வேண்டும். நம்பியாரோ வீரப்பாவோ எம்.ஜி.ஆரின் வாளைத் தட்டிவிட்டால் கொட்டகை மூச்சை அடக்கும். எம்.ஜி.ஆர் காலால் அந்த வாளை எற்றி மறுபடி கையில் பிடிக்கும்போது எழும் சத்தம் வெளியே ரிக்‌ஷாக்காரர்களுக்கும் கேட்குமாம்.

அந்தச் சத்தத்தை அப்பா வாசலில் நின்றுதான் கேட்டார். உள்ளே போய் உட்கார்ந்து முழுப்படம் பார்த்தது மிகக் குறைவு. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. படம் தொடங்கியதும் பக்கவாட்டுக் கதவுகளை உள்ளிருந்து தாழ் போடுவது அந்தக் காலத்து வழக்கம். ஓசியில் நுழைகிறவர்களைத் தடுக்கத்தான். அப்பா தாழ் போடமாட்டார். இதற்காக மேலாளரிடம் எத்தனையோ முறை பேச்சு வாங்கியிருக்கிறார். சம்பளம்கூடப் பிடித்திருக்கிறார்கள். கதவைச் சாத்துவார், திரைச்சீலையை இழுத்துவிடுவார், தாழை மட்டும் தொடமாட்டார். படம் முடிந்தால் கடைசி ஆள் வெளியே வரும்வரை வாசலிலேயே நிற்பார். ஏன் என்று சிறுவயதில் எனக்குத் தெரியாது.

பாட்டிதான் சொன்னார். 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மேல் வந்தபோது, ஜனங்கள் ஓடி ஒளியவில்லை. வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடி அண்ணாந்து நின்றார்கள். குண்டு அவர்கள் மேல்தான் விழுந்தது. அடுத்த சில நாளில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 19ஆம் தேதி ஜப்பானியர் தீவுக்குள் நுழைந்தனர். பிறகு மூன்று வருஷம் எட்டு மாதம். வாழைமரம் அச்சிட்ட நோட்டு. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. தெருமுனையில் காவல் நிற்கும் சிப்பாய்க்கு இடுப்பு வளையக் கும்பிடு போடாவிட்டால் கன்னத்தில் அறை. அவன் இடுப்பில் தொங்கிய வாளைப் பார்த்து வளர்ந்த பையன் என் அப்பா. அப்போது அவருக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது.

தமிழர்களுக்கு அந்தக் காலம் ஒரே நிறமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் பொறுப்பில் இங்கே சுவராஜ் இன்ஸ்டிடியூட் நடந்தது. இந்திய விடுதலைக்கு உழைக்க இளைஞர்களைப் பயிற்றுவித்த இடம் அது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் வந்தபின் தோட்டத்துப் பெண்கள்கூடக் காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஜப்பான்காரன் உதவியால் இந்தியா விடுதலையாகும் என்று மனதார நம்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அதே வருஷம், அதே ஜப்பான்காரன் தமிழர்களை ஆயிரம் ஆயிரமாகச் சயாமுக்கு ரயிலேற்றினான். பர்மாவரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. காடும் காலராவும் பட்டினியும். திரும்பாதவர்கள் பல்லாயிரம். பெரும்பாலான தமிழ்க் கூலிகளுக்குப் பெயர்ப் பட்டியலோ கல்லறையோ இல்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்தவர்களுக்கு அந்தப் பாதை தெரியும்.

அப்பாவின் அண்ணனுக்கு அப்போது 19 வயது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒருநாள் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூட்டாளிகளோடு போனார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவுகளைத் தாழிட்டார்கள். உள்ளே இருந்த ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். பாட்டி சொன்னது இவ்வளவுதான். மலாயாவில் இதே கதையைச் சொல்லும் குடும்பங்கள் இன்னும் உண்டு. பெரியப்பா திரும்பவில்லை. போர் முடிந்து மூன்று வருஷம் கழித்து, என் அப்பா ஒரு சினிமாக் கொட்டகை வாசலில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஜப்பானியப் படம் ஓடும் நாட்களில் அப்பா விடுப்பு எடுத்துவிடுவார், அல்லது வேறு ஆளோடு வேலையை மாற்றிக்கொள்வார். அந்தப் படங்கள் 1950களிலேயே இந்தப் பக்கம் வரத் தொடங்கிவிட்டன. 1954இல் டோக்கியோவில் தென்கிழக்காசியத் திரைப்பட விழாவை முதன்முதலாகக் கூட்டியவர்களில் டையே நிறுவனத்தின் மசாயிச்சி நகாட்டாவும் ஷா குடும்பத்தின் ரன் ரன் ஷாவும் முன்னால் நின்றார்கள். போர் முடிந்து ஒன்பதே வருஷம். காயம் ஆறவில்லை, வியாபாரம் காத்திருக்கவில்லை. டையே 1962இல் தொடங்கிய ஜாடோயிச்சி படங்கள் எங்கள் பகுதியில் கொடிகட்டிப் பறந்தன. ஷின்டாரோ கட்சு நடித்த அந்தக் கண்ணில்லாத வாள்வீரன் உடம்பு பிடித்துவிட்டுப் பிழைக்கிறவன். ஊன்றுகோலுக்குள் வாள் வைத்திருப்பான். காதால் கேட்டே வெட்டுவான். சீனர்கள் அவனைப் பார்க்க அலைமோதினார்கள். ஹாங்காங்கில் ஷா எடுத்த சீன வாள் படங்கள் இந்தப் படங்களைப் பாடமாக வைத்துத்தான் வேகம் கற்றன. 1971இல் ஜாடோயிச்சியும் அந்தச் சீனப் படங்களின் ஒற்றைக்கை வாள்வீரனும் ஒரே படத்தில் மோதினார்கள். அதைப் பார்க்க அப்பாவுக்குத் தெரியாமல் நானும் போனேன். எனக்கு 14 வயது.

அப்பாவுக்குத் தெரியாமல் என்றேன். ஆனால் ஜப்பானியச் சினிமா அப்பாவை அதற்கு முன்பே வேறு வாசல் வழியாகத் தொட்டிருந்தது. அவருக்கு மிகப் பிடித்த சிவாஜி படம் ‘அந்த நாள்’. 1954இல் ஏ.வி.எம் எடுத்தது, வீணை வித்வான் எஸ். பாலச்சந்தர் இயக்கியது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். சென்னை மேல் ஜப்பானியர் குண்டு போட்ட 1943இல் கதை நடக்கிறது. சிவாஜி அதில் ஜப்பானியருக்கு ரகசியம் விற்கிற ரேடியோ பொறியாளர், கொலையாகிக் கிடக்கிறார். கொன்றது யார் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். “துரோகிக்கு இதுதான் கதி” என்பார் அப்பா. ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும் அந்தக் கதைமுறை, 1950இல் அகிரா குரோசாவா எடுத்த ‘ராஷோமோன்’ படத்தைப் பார்த்து பாலச்சந்தர் மனதில் விழுந்தது. எனக்கு இது தெரிந்தபோது வயது முப்பதுக்கு மேல். ஜப்பானுக்கு உளவு சொன்னவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய படத்துக்கே ஜப்பான்காரன் ஒருவன் வழி காட்டியிருக்கிறான். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பல மாதம் சுமந்துகொண்டிருந்தேன்.

அதற்குள் நான் வீடியோ கடைக்காரன் ஆகிவிட்டேன். 1980களில் தியேட்டர் கூட்டம் வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. கல்யாண வீடு, காதுகுத்து வீடு, வெள்ளிக்கிழமை ராத்திரி எதுவானாலும் ஒரு வீடியோ கேசட் வேண்டும். என் கடையில் முன்பக்கம் முழுக்கத் தமிழ். பின்பக்கத் தட்டு ஒன்றில் மட்டும் ஜப்பானியப் படங்கள். 1980இல் ‘ஷோகன்’ தொலைக்காட்சித் தொடர் வந்தபின் அதில் தொரனாகாவாக வந்த டொஷிரோ மிஃபூனேயின் பழைய படங்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். கப்பல் மாலுமிகள் யோகஹாமாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கொண்டுவந்து தருவார்கள். ஜப்பானிய கேசட் நம் ஊர் பெட்டியில் நிறமில்லாமல் குதிக்கும். அதற்கென்றே எல்லா முறைகளையும் ஓட்டும் ஒரு வீடியோ பெட்டியைக் கடன்பட்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை கடை அடைத்தபின் ஐந்தாறு பேர் பின்னறையில் உட்காருவோம். துறைமுகத்தில் ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர், கிங் ஸ்ட்ரீட் தையல்காரர், நாசி கண்டார் சோற்றுக்கடையில் கல்லாவில் உட்காரும் தமிழ் முஸ்லிம் மாமாக், கைக்கடிகாரச் சீனர், நான். ஆங்கில வசனத்தை நான் தமிழிலும் மலாயிலும் சொல்லிக்கொண்டே போவேன். மிஃபூனேவுக்கு நாங்கள் வைத்த பெயர் தோள்காரர். ‘யோஜிம்போ’வில் சட்டைக்குள் பூச்சி நெளிவதுபோல் தோளை ஒரு குலுக்குக் குலுக்குவார்; தையல்காரர் அதைச் செய்துகாட்டுவார். நகடாய்க்குக் கண்ணுக்காரர். அந்தப் பெரிய கண்கள் இமைக்காமல் இருக்கும்போது திரையில் மற்ற எதுவும் தெரியாது. 1962இல் வந்த ‘சஞ்சூரோ’வின் முடிவில் இருவரும் எதிரெதிரே நிற்பார்கள். அரை நிமிஷம் அசைவே இல்லை. பிறகு ஒரே ஒரு வீச்சு. எம்.ஜி.ஆர் சண்டையில் வாளும் வாளும் பத்து நிமிஷம் பேசும். இவர்கள் சண்டையில் மௌனம்தான் பேசும். இரண்டையும் ரசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பின்னறையில் இருந்தார்கள்.

மிஃபூனேவின் வாழ்க்கையை நான் எம்.ஜி.ஆர் வாழ்க்கையோடு வைத்துப் பார்ப்பதுண்டு. எம்.ஜி.ஆர் 1917இல் இலங்கையில், கண்டிச் சீமையில் பிறந்தவர். மிஃபூனே 1920இல் சீனாவின் சிங்டாவ் நகரில் பிறந்து, பட்டாளத்துக்கு எடுக்கப்படும்வரை சீன மண்ணிலேயே வளர்ந்தவர். இருவரும் பிறந்த மண் ஒன்று, தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய மண் வேறு. எம்.ஜி.ஆர் இறந்தது 1987 டிசம்பர் 24. அன்று நான் கடையைத் திறக்கவில்லை. மிஃபூனே இறந்தது 1997 டிசம்பர் 24. சரியாகப் பத்து வருஷம். அன்றும் நான் கடையைத் திறக்கவில்லை. துறைமுகத்துப் பெரியவர் அந்த வெள்ளிக்கிழமை இரண்டு படத்துக்கும் ஒரே முழத்திலிருந்து பூ கிள்ளி வைத்தார்.

அவர்தான் எனக்கு ஒரு சொல்லைத் திறந்துகாட்டியவர். எஜமான் இல்லாத சாமுராயை ஜப்பானியர் ரோனின் என்பார்கள். எழுத்துக்கு எழுத்து அர்த்தம் சொன்னால் அலை மனிதன். கடல் அலைபோல் ஓரிடத்தில் நிலைக்காதவன். இதை நான் ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் படித்துச் சொன்னதும் பெரியவர் நிமிர்ந்தார். “நம்ம பாஷையிலும் அதுதானே தம்பி? கடல்ல இருக்கிறது அலை. நாம அலையிறதும் அலைதான்.” எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய ஒவ்வொருவனும் அலை மனிதன்தான். மிஃபூனேவின் ரோனினும் எம்.ஜி.ஆரின் நாடோடியும் எங்களுக்கு ஏன் சொந்தக்காரர்களாகத் தெரிந்தார்கள் என்பதற்கு அந்த ஒற்றைச் சொல்லே போதும். அரண்மனைச் சிப்பாயின் வாளை நாங்கள் ரசித்ததில்லை. ஊர் இல்லாதவன், சோற்றுக்கு அலைபவன், தன்னைவிட எளியவனுக்காக உருவும் வாளைத்தான் ரசித்தோம்.

1954இல் வந்த குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ படத்தில் ஓர் இடம். கொள்ளைக்காரர்களிடமிருந்து கிராமத்தைக் காக்க ஏழு வாள்வீரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வெள்ளை அரிசிச் சோறு போட்டுவிட்டு ஊர்ஜனங்கள் தினை தின்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள், தோற்றோடிய சாமுராய்களைக் கொன்று கவசங்களை எடுத்து ஒளித்துவைத்தவர்கள் என்று தெரிந்ததும் வீரர்களுக்குக் கோபம் வருகிறது. மிஃபூனே நடிக்கும் கிக்குச்சியோ அப்போது வெடிக்கிறான். விவசாயி கள்ளன்தான், கஞ்சன்தான், பொய்யன்தான். அவனை அப்படி ஆக்கியது யார், வயலை எரித்ததும் தானியத்தைப் பறித்ததும் பெண்களைத் தூக்கியதும் நீங்கள்தானே என்று தன் கூட்டத்தையே கேட்கிறான். அவன் சாமுராய் இல்லை, விவசாயி மகன் என்பது அங்கேதான் நமக்கு உறைக்கிறது. அந்த இடம் முடிந்ததும் கடிகாரச் சீனர் சொன்னார்: “அவன் திட்டுவது அவன் ஆட்களை. எங்களுக்காக அவன் ஆட்களைத் திட்டுகிற ஜப்பான்காரனை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.” அவருடைய அப்பாவை 1942இல் வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள். சீனக் குடும்பங்களுக்கு அந்த வருஷம் என்னவென்று இந்த ஊருக்குத் தெரியும்.

நகடாய் படங்களில் இந்தக் குரல் இன்னும் ஆழத்துக்குப் போகும். மசாகி கோபயாஷி இயக்கிய ‘ஹராகிரி’, 1962. வேலையற்ற சாமுராய் ஒருவன் பெரிய வீட்டு வாசலுக்கு வந்து, வயிற்றைக் கிழித்துச் சாக இடம் கேட்கிறான். அவனுடைய மருமகன் முன்பு அதே வாசலில் மூங்கில் வாளால் சாக வைக்கப்பட்டவன். உண்மையான வாளை அவன் ஏற்கெனவே விற்றுவிட்டான், பெண்டாட்டி பிள்ளையின் வைத்தியத்துக்காக. இந்தப் படம் முடிந்ததும் தையல்காரர் எழுந்து வெளியே போய் நின்றார். தாலியை அடகு வைத்து மருந்து வாங்கிய வீடுகள் இந்தத் தெருவில் எத்தனை என்று அவருக்குத் தெரியும்.

‘ககேமுஷா’வைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய படம். முதலில் அதில் நடிக்க இருந்தவர் எங்கள் ஜாடோயிச்சி, ஷின்டாரோ கட்சு. குரோசாவாவோடு பிணக்காகி அவர் வெளியேற, நகடாய் வந்தார். அந்தக் கோபத்தில் மாமாக் அண்ணன் இரண்டு வருஷம் அந்தப் படத்தைப் பார்க்கவே மறுத்தார். பார்த்தபின் பேசாமல் இருந்தார். செத்துப்போன தலைவனுக்குப் பதிலாக அவனைப்போலவே இருக்கும் திருடனை உட்காரவைக்கிறார்கள். தலைவனும் நகடாய், திருடனும் நகடாய். எங்களில் எவருக்கும் அந்தக் கதையை விளக்க வேண்டியிருக்கவில்லை. நாடோடி மன்னனில் எம்.ஜி.ஆர் மன்னனாகவும் அவனைப்போலவே இருக்கும் நாடோடியாகவும் நடித்து, அந்த நாடோடி அரியணையில் அமர்ந்து ஏழைகளுக்குச் சட்டம் போட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். நம் நாடோடி நாட்டைத் திருத்தினான். குரோசாவாவின் திருடனையோ வேலை முடிந்ததும் மழையில் துரத்திவிடுகிறார்கள். துரத்திய பிறகும் அவன் அந்தக் கொடிக்காகவே ஓடிச் சாகிறான். துறைமுகத்துப் பெரியவர் சொன்னார்: “முதல் படம் நாம ஆசைப்பட்டது. இது நமக்கு நடந்தது.”

1991இல் மாலுமி ஒருவர் எனக்கு ‘தி ஹியூமன் கண்டிஷன்’ கேசட்டுகளைக் கொண்டுவந்தார். 1959இலும் 1961இலும் மூன்று பாகமாக வந்த கோபயாஷியின் படம். மொத்தம் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல். வாள் படம் இல்லை, போர்க்காலப் படம். கோபயாஷியே மஞ்சூரியாவில் சிப்பாயாக இருந்தவர். போரை வெறுத்ததால் பதவி உயர்வை மறுத்தவர். நகடாய் அதில் காஜி என்ற இளைஞன். மஞ்சூரியாவில் ஒரு சுரங்கத்தில், பிடித்துவந்த சீனத் தொழிலாளர்களை மேய்க்கிற கங்காணி வேலைக்கு வருகிறான். அவர்களை மனிதர்களாக நடத்தப் பார்க்கிறான். மேலே இருப்பவர்கள் விடவில்லை. கீழே இருப்பவர்கள் நம்பவில்லை.

இதை நான் முதலில் தனியாகப் பார்த்தேன். பார்த்ததும் அப்பாவிடம் போனேன். அவருக்கு அப்போது 61 வயது, வேலையை விட்டு ஓய்ந்திருந்தார். முதலில் ‘அந்த நாள்’ விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பாலச்சந்தர் நல்ல இடத்தில இருந்துதான் எடுத்திருக்கார்” என்றார். அந்தத் தைரியத்தில் கேட்டேன்: “அப்பா, ஒரு ஜப்பான் படம். என்கூட உட்கார்ந்து பாருங்க.” அவர் சரி என்று சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பகல் நேரம். வெளிச்சம் திரையில் விழாமல் இருக்க வீட்டு வாசல் கதவைச் சாத்தியிருந்தேன். படத்தில் தப்பியோட முயன்றவர்கள் என்று குற்றம் சாட்டிச் சில சீனர்களை வரிசையாக மண்டியிட வைக்கிறார்கள். அதிகாரியின் கையில் வாள். முதல் தலை. காஜி நிற்கிறான், அவனால் அசைய முடியவில்லை. இரண்டாவது. மூன்றாவது. அதற்குப் பிறகுதான் கால் பெயர்ந்து முன்னால் வந்து நிறுத்தச் சொல்கிறான். அந்தக் கண்களில் பயம் அப்படியே இருக்கிறது. பயத்தோடுதான் வருகிறான். தொழிலாளர்கள் வேலிக்கு அப்பாலிருந்து குரல் எழுப்ப, வெட்டு நிற்கிறது. அதற்காகக் காஜியை அடித்து நொறுக்கிப் பட்டாளத்துக்கு அனுப்புகிறார்கள்.

அப்பா சொன்னார்: “அந்த இடத்தைத் திரும்பப் போடு.” போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். மூன்று முறை பார்த்தார். அடுத்த பாகத்தில் பட்டாளத்து முகாமில் ஓர் அதிகாரி, “கியோட்சுகே!” என்று கத்துவான். நேராக நில் என்று அர்த்தம். ஜப்பானியர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்த சொல். நாற்காலியில் சாய்ந்திருந்த அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. இரண்டு கையும் தொடையோடு ஒட்டின. ஐம்பது வருஷம் கழித்து. அவருக்கே அது பிறகுதான் தெரிந்தது. கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

படத்தை நிறுத்தினேன். அப்பா எழுந்து போய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்தார். திரையில் வெயில் விழுந்து படம் வெளிறிப்போனது. திரும்பி வந்து உட்கார்ந்து, “இப்ப போடு” என்றார். வெளிறிய படத்தையே கடைசிவரை பார்த்தோம், மூன்று நாள் உட்கார்ந்து. முடிந்தபின் ஒன்றே ஒன்று கேட்டார்: “அண்ணன் இருந்த இடத்தில இப்படி ஒருத்தன் இருந்திருப்பானா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. “அந்தப் பையன் பேர் என்ன?” என்று கேட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பின்னறையில் அவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது, கதவுக்குப் பக்கத்தில். 1999இல் இறக்கும்வரை கண்ணுக்காரர் படம் என்றால் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு வந்தார்.

நடிகர் மேல் ஜனங்கள் வைக்கும் பித்தை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் கண்டது வேறு. ஒரு நாட்டை மன்னிக்கச் சொன்னால் எவராலும் முடியாது. நாடு அவ்வளவு பெரியது. ஒரு முகத்தை நேசிக்க முடியும். பட்டாளத்து வாளும் ஜப்பானிய முகமும் என் அப்பா மனதில் ஒன்றாக உறைந்திருந்தன. அவற்றைப் பிரித்துக் கொடுத்தது ஓர் அரசாங்கமோ ஓர் ஒப்பந்தமோ இல்லை. தன் இனத்தார் செய்ததைத் தன் உடம்பில் ஏற்றி, அதன் முன்னால் பயத்தோடு வந்து நின்று நடித்துக்காட்டிய ஒரு கலைஞர். எம்.ஜி.ஆர் எங்களுக்குக் கொடுத்தது தைரியம். நகடாய் எங்களுக்குக் கொடுத்ததற்கு நான் இன்னும் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தியேட்டர்களின் காலம் முடிந்துவிட்டது. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரம் ஆனது. பழைய கட்டடங்களின் முகப்புக்குப் பாதுகாப்பு வந்தது. உள்ளே எழுந்த ஆரவாரத்தைக் காக்கச் சட்டம் இல்லை. அடுத்த வருஷம் நான் கடையை மூடினேன். தையல்காரரும் துறைமுகத்துப் பெரியவரும் மாமாக் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நாங்கள் இரண்டு பேர்.

கடிகாரக்காரர் சேதி கொண்டுவந்த அன்று சாயங்காலம் தேநீர் ஆறியபின் நான் ‘செவன் சாமுராய்’ கேசட்டைப் போட்டேன். தொடக்கத்தில், கிராமத்தார் சாமுராய் தேடி ஊருக்குள் வந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்து நிற்பார்கள். தெருவில் ஓர் இளம் ரோனின் நடந்து போவான். சில விநாடிதான். அதுதான் நகடாய். இருபதை ஒட்டிய வயது. அவன் நடை சரியில்லை என்று குரோசாவா அரை நாள் திரும்பத் திரும்ப நடக்க வைத்தார். முழுக் குழுவும் காத்திருந்தது. படத்தில் அவன் பெயரைக்கூடப் போடவில்லை. அந்த அவமானத்தைப் பற்றி நகடாய் பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். பெயர் போடாத அந்த நடையிலிருந்து தொடங்கித்தான் ‘ரான்’ படத்தின் பைத்தியம் பிடித்த முதியவர்வரை அவர் நடந்து போனார். சயாமுக்குப் போன என் பெரியப்பாவின் பெயரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர் எப்படி நடப்பார் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.

அந்தச் சில விநாடியை மூன்று முறை போட்டுப் பார்த்தோம். இருட்டிவிட்டது. கடிகாரக்காரர் மெல்ல எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “வாசல் கதவைத் திறந்து வைக்கட்டுமா?” என்று கேட்டார்.

அது திறந்துதான் இருந்தது.